ஸ்டைல் ஷீட்டில் கை வைப்பதற்கு முன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளும் பிரஸ் ஷாப்களும் இருக்கிற இடத்திலேயே இன்று கண்ணாடி போர்த்திய ஐடி பார்க்குகளும் நிற்கின்றன. பிரஸ்ஸிலிருந்து விழும் தகட்டில் பிசிறு கூடிப்போனால், அங்கே வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு தகட்டையும் அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். டையைக் கழற்றிச் சாணை பிடிப்பார்கள். ஐடி பார்க்கில் ஃப்ரண்ட் எண்ட் வேலை பார்க்கும் நாமோ பெரும்பாலும் அரத்தைத்தான் எடுக்கிறோம். பக்கத்தில் எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று டிக்கெட் வந்தால், பத்திகளையெல்லாம் ஒரு லூப்பில் பிடித்து, ஒவ்வொன்றின் ஸ்டைலிலும் ஃபான்ட்சைஸை எழுதிவிட்டு டிக்கெட்டை மூடுகிறோம். ஸ்டைல் ஷீட்டோடு நிரல்வழியாகப் பேசுவதற்கென்றே சிஎஸ்எஸ்ஓஎம் என்ற இடைமுகம் பிரவுசருக்குள் இருக்கிறது. அதை முதலில் படிப்பதற்குப் பயன்படுத்த வேண்டும், எழுதியே ஆக வேண்டுமென்றால் ஒரே இடத்தில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் டபிள்யூ3சியின் பரிந்துரையானது. அதை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து தொடுவதற்கான முறை, டாம் லெவல் 2 ஸ்டைல் என்ற பெயரில் 2000 நவம்பரில் வந்தது. நாம் எழுதிய ஸ்டைல் ஷீட் வெறும் உரை. பிரவுசர் அதை வாசித்து, விதி விதியாகப் பிரித்து, பொருள்களாக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. டாக்குமென்ட் டாட் ஸ்டைல்ஷீட்ஸ் என்று கேட்டால் ஷீட்களின் பட்டியல் வரும், ஒவ்வொரு ஷீட்டிலும் சிஎஸ்எஸ்ரூல்ஸ் என்று கேட்டால் விதிகள் வரும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வெகுகாலம் இதற்கெல்லாம் தன் சொந்தப் பெயர்களையே வைத்திருந்தது. 2011இல் வந்த 9ஆம் பதிப்பில்தான் எல்லோரோடும் ஒத்துப்போனது. மூத்த டெவலப்பர்கள் பலர் இந்தப் பக்கமே தலைவைக்காமல் எலிமென்டின் ஸ்டைலோடு நின்றுவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் முதலில் 2009இல் வெளிவந்தன. பக்கத்தின் உச்சியில் எழுத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் மூன்று பொத்தான்கள் இருப்பது அரசுத் தளங்களில் பழகிப்போன காட்சி. (பிரவுசரிலேயே ஜூம் இருக்கும்போது இது எதற்கு என்பது தனி வழக்கு.) இதை லூப் போட்டு எழுதினால் என்ன ஆகும்? பயனர் எழுத்தைப் பெரிதாக்கிய பிறகு தேடல் முடிவுகள் வந்து இறங்குகின்றன. லூப் ஓடியபோது அவை பக்கத்தில் இல்லை, அதனால் அவை மட்டும் பழைய அளவில் தெரியும். எலிமென்டிலேயே எழுதிய மதிப்பு ஷீட்டில் உள்ள சாதாரண விதிகளையெல்லாம் மீறி நிற்கும் என்பதால், மொபைலுக்கென்று வைத்த அளவும் அச்சுக்கென்று வைத்த அளவும் செல்லாக்காசாகிவிடும். மாறாக, வேர் எலிமென்டில் செட்ப்ராப்பர்ட்டி கொண்டு ஒரே ஒரு கஸ்டம் ப்ராப்பர்ட்டியை மாற்றினால் போதும். அதை நம்பி எழுதப்பட்ட விதிகள் அனைத்தும் தாமே மாறும், பிறகு வந்து சேர்வதும் அதற்குள் அடங்கும். அந்த ப்ராப்பர்ட்டிக்கு இரண்டு கோடு போட்டு ‘எழுத்து-அளவு’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பிரவுசர் மறுப்புச் சொல்லாது. ஷீட் முழுக்க பிக்சலில் அளவுகளை இறுக்கி எழுதியிருந்தால் இது பலிக்காதுதான். அப்போது திருத்த வேண்டியது ஷீட்டை.

படிப்பது என்று சொன்னேனே, அதன் அருமை தமிழ்ப் பக்கங்களில்தான் தெரியும். ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்று ஆறே எழுத்தில் அடங்கிய பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ வந்து உட்கார்ந்ததும் அகலம் பிதுங்குகிறது, ‘பி’யின் மேல்சுழி நறுக்கப்படுகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க எலிமென்டின் ஸ்டைலில் லைன்ஹைட் என்ன என்று கேட்டால் வெற்றுச் சரம்தான் கிடைக்கும். அது அந்த எலிமென்டிலேயே எழுதியதை மட்டும் சொல்லும், ஷீட்டிலிருந்து வந்ததைச் சொல்லாது. புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. கெட்கம்ப்யூட்டட்ஸ்டைலிடம் கேட்க வேண்டும். அது ‘நார்மல்’ என்று விடை சொன்னால், வரி உயரத்தை யாரும் நிர்ணயிக்கவில்லை, ஃபான்டின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்று பொருள். லதாவுக்கும் நிர்மலா யூஐக்கும் நோட்டோ சான்ஸ் தமிழுக்கும் அந்த விருப்பம் ஒன்றல்ல. சரி, எந்த ஃபான்ட் என்று கேட்டால், ஷீட்டில் எழுதிய பட்டியலை அப்படியே திருப்பிக் கொடுக்குமே தவிர, தமிழ் எழுத்தை வரைந்தது அதில் எது என்று சொல்லாது. அதற்கு டெவ்டூல்ஸைத்தான் திறக்க வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு. தமிழ் ஃபான்டைக் கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து சாதாரண லிங்க்காக இழுத்திருந்தால், அந்த ஷீட்டின் விதிகளைத் தொட்டவுடன் பாதுகாப்புப் பிழை எழும், கவனமில்லாமல் எழுதிய லூப் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கெல்லாம் ஏது நேரம், டெட்லைன் தலைக்கு மேல் நிற்கிறதே என்பார்கள். எலிமென்டில் நேராக எழுதுவது கண்டிப்பாகச் சுலபம்தான், சில இடங்களில் அதுவே சரியும்கூட. விரலோடு நகரும் ஒரு ஸ்லைடரின் இடத்தை நொடிக்கு அறுபது முறை மாற்றுவதற்கு ஷீட்டைத் திருத்துவது வீண்வேலை. ஒரு விதி மாறினால், அது யார் யாரைப் பாதிக்கிறது என்று பிரவுசர் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். என் வாதம் பலவற்றுக்கும் பொதுவான, நிலைத்து நிற்கும் மாற்றங்களைப் பற்றியது. ஃப்ரேம்வொர்க்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது அடியில் நடப்பது நமக்கெதற்கு என்ற இரண்டாவது ஆட்சேபணையில் வலு குறைவு. ஸ்டைல்டு காம்போனென்ட்ஸ் போன்ற நூலகங்கள் ப்ரொடக்‌ஷனில் இன்சர்ட்ரூல் வழியாகவே விதிகளைச் சேர்க்கின்றன. அது வேகம், ஆனால் அப்படிச் சேர்ந்த விதிகள் ஸ்டைல் டேக்கின் உரையில் தோன்றாது. பக்கத்தின் எச்டிஎம்எல்லை மட்டும் எடுத்துப் பார்ப்பவருக்கு டேக் காலியாக இருக்கும், பக்கமோ வண்ணமயமாக இருக்கும். இதற்கு விடை சிஎஸ்எஸ்ரூல்ஸில் இருக்கிறது, அதைப் பார்க்கத் தெரியாதவர் அரைநாள் திணறுவார். போதாக்குறைக்கு, செலக்டர் தவறாக இருந்தால் இன்சர்ட்ரூல் கூச்சலிடும், உள்ளே ப்ராப்பர்ட்டியின் பெயர் தவறாக இருந்தால் மூச்சுவிடாமல் அதை உதறிவிட்டு வெறும் விதியைச் சேர்த்துக்கொள்ளும். ஷீட்டை நிரலிலேயே உருவாக்கிப் பல ஷேடோ ரூட்களுக்குப் பொதுவாகக் கொடுக்கும் வசதி, 2023 மார்ச்சில் சஃபாரி 16.4 வந்ததோடு முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. எழுதுவதற்கு நியாயமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்பவற்றில் அது ஒன்று, அங்கேயும் ஷீட் ஒன்றுதான்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருந்து ரயிலேறியும் பஸ் பிடித்தும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை தமிழ்ப் பொத்தானில் எழுத்து நறுக்கப்படுவதாக டிக்கெட் வந்தால், எதையும் மாற்றுவதற்கு முன் கன்சோலைத் திறந்து அதன் வரி உயரத்தையும் உயரத்தையும் கேட்டுப் பாருங்கள். ‘நார்மல்’ என்று வந்தால், ஷீட்டில் தமிழுக்கென்று லாங் விதி ஒன்றை எழுதி அங்கே வரி உயரத்தைக் கொடுங்கள். பொத்தானுக்குப் பிக்சலில் இறுக்கிய உயரம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரிகூடத் தேவைப்படாது.