மூச்சை எண்ணுவோர்

தூண்டில்காரன் சொல்லும் கதையில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என நம்மவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. தப்பிப்போன மீன் நாளுக்கு நாள் வளரும் என்பர். கேலி ஓரளவு நியாயமானதே. ஆயினும் அக்கதைகளுள் ஒரு வகையினை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. பெருமீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து செய்யும் காரியங்களைப் பற்றிய கதைகளே அவை. தலையை மாத்திரம் நீட்டி மறைந்தது, வாய் திறந்து காற்றை விழுங்கியது, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் கீழே நிழல்போல நின்றது என்றெல்லாம் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இக்கதைகளைக் கூட்டிச் சொல்வதால் எவருக்கும் பெருமை சேர்வதில்லை. ஆதலின் அவற்றிலே பொய் குறைவு.

நாம் ஆசிரியத் தொழில் புரியும் ஊர் வன்னியிலுள்ள ஒரு குளத்தை அண்டியது. வயலுக்கு நீரும் வீட்டுக்குக் கறியும் தருவது அக்குளமே. அக்குளத்து மீன்களுள் ஊரவர் பெரிதாக மதிப்பது விரால். 'விரால் இல்லாக் குளத்துக்குக் குறவை அதிகாரி' என்னும் பழமொழியை அறியாத சிறுவர் இங்கு இல்லை. பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்ற நமக்கு அம்மீன் வரால் என்ற பெயருடன் முன்னரே அறிமுகமாகியிருந்தது. பழம் பாடல்களில் மருதநிலத்துப் பொய்கையிலும் வயலிலும் வரால் வரும். 'ஒருவகை மீன்' என்று எழுதி மேலே செல்லும் உரைகள் பல. அது ஏன் நீர்மேல் வருகின்றது என எந்த வகுப்பிலும் கேள்வி எழுந்ததில்லை.

அக்கேள்விக்குரிய விடையை நாம் கேட்டது ஒரு பத்தாம் வகுப்பு மாணவனிடத்தில். அவனுடைய தந்தையார் குளத்தில் வலை போடுபவர். தவணைப் பரீட்சையில், 'மீன் எதனாற் சுவாசிக்கின்றது?' என்ற விஞ்ஞான வினாவுக்கு, 'மீன் பூவால் சுவாசிக்கும். விரால் மேலே வந்து காற்றெடுக்கும்' என்று அவன் எழுதியிருந்தான். பூ என்பது செவுளுக்குள் இருக்கும் செந்நிற உறுப்பு என்பது மாணவர் அறிந்ததே. விடைத்தாளைத் திருத்தியவர் இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையால் வெட்டி, புள்ளியையும் குறைத்திருந்தார். ஏன் அவ்வாறு எழுதினாய் என அவனை வினவினோம்.

"விரால் மேல வந்து மூச்செடுக்காட்டிச் செத்துப்போகும், சேர். ராவில வலையில பட்டுக் கீழ கிடந்தா, விடியக்குள்ள ஐயா எடுக்கேக்க அது செத்துத்தான் இருக்கும். வெளியில எடுத்துச் சாக்கு நனைச்சு மூடி வைச்சா மத்தியானம் மட்டும் உயிரோட கிடக்கும்."

நீருக்குள்ளே மூச்சு முட்டிச் சாகும் மீன், நீருக்கு வெளியே பல மணிநேரம் உயிர் வாழ்கின்றது! இதைக் காட்டிலும் தெளிவான பரிசோதனையை எந்த ஆய்வுகூடத்தில் நடத்திக் காட்ட முடியும்? அம்மாணவன் கூறியது முற்றிலும் உண்மை. விராலின் தலையினுள், பூக்களுக்கு மேலாக, காற்றை ஏற்று வைத்து ஒட்சிசனை உறிஞ்சும் அறை ஒன்று உண்டு. வளர்ந்த விராலுக்குப் பூக்கள் மாத்திரம் போதா. இடையிடையே மேலே வந்தே தீரவேண்டும். கோடையில் வற்றும் குட்டைகளிலே அது உயிர் தப்புவதற்கும் இதுவே துணை. ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலீற்றர் ஒட்சிசன் உண்டு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீரிலோ, அது நிறைவுற்ற நிலையிலும், 6 மில்லிலீற்றர்தானும் கரைந்திராது. சேறும் பாசியும் மண்டிய நீரில் அதுவும் குறையும். அத்தகைய நீரில் வாழ விதிக்கப்பட்ட உயிர், தனக்கு மேலே நிறைந்து கிடக்கும் காற்றை நாடியதிலே வியப்பில்லை.

ஆகவே, துள்ளல் என்றும் விளையாட்டு என்றும் கரையில் நிற்போர் கூறுவது அம்மீனுக்கு உயிர்ப் பிரச்சினை. அதனையே வேட்டைக்காரன் பயன்படுத்துகின்றான். மூச்செடுக்க வந்த இடத்தைக் குறிபார்த்துத் தூண்டில் விழுகின்றது. குஞ்சு காக்கும் காலத்தில் நிலைமை இன்னும் கொடியது. செந்நிறக் குஞ்சுகள் திரளாகப் பரப்புக்கு வந்து நீரைக் கொப்புளிக்கச் செய்யும். தாய் தந்தை மீன்கள் கீழே காவல் நிற்கும். அத்திரளின் நடுவே தவளைபோன்ற பொய்யிரையை எறிந்தால், பசிக்காக அன்றிக் குஞ்சுகளின் பொருட்டே பெருமீன் பாய்ந்து கவ்வும். விடுமுறை நாட்களில் நகரத்திலிருந்து பொழுதுபோக்குக்காக வரும் சிலர் இதனைத் திறமை என்று கொண்டாடுவதைக் கண்டிருக்கின்றோம். காவல் இழந்த குஞ்சுகளைப் பிற மீன்களும் பறவைகளும் தின்று தீர்க்கும். அடுத்த ஆண்டும் அதே குளத்தை நம்பி வாழவேண்டியவன் அந்தத் திறமையைக் காட்டத் தயங்குவான்.

நீர்மேல் எழும் மூச்சு கொல்லுவதற்கு மாத்திரமா பயன்படும்? இவ்வினாவுக்குத் தென்னமெரிக்காவின் அமேசன் நதிக்கரை மக்கள் அளித்த விடையை நமது வாசகர் அறிதல் நன்று.

அந்நதியின் வெள்ளச் சமவெளிகளில் உள்ள ஏரிகளில் அரப்பைமா என்னும் மீன் வாழ்கின்றது. பிரேசில் நாட்டவர் அதனைப் பிராருக்கூ என்பர். உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களுள் அது ஒன்று. மூன்று மீற்றர் வரை வளரக்கூடியது. விராலுக்கு உறவில்லாத வேறு குலத்தைச் சேர்ந்தது எனினும், விராலைப் போலவே காற்றை நம்பி வாழ்வது. அதனுடைய காற்றுப்பையே நுரையீரலின் தொழிலைச் செய்கின்றது. 5 முதல் 15 நிமிடங்களுக்கு ஒரு முறை அது மேலே வந்து பேரொலியுடன் காற்றை விழுங்கும். தலைமுறை தலைமுறையாக அந்தக் கணத்துக்காகவே எறியீட்டியுடன் தோணியில் காத்திருந்தனர் மீனவர். பின்னர் நகரச் சந்தைக்காகப் பெரும்படகுகளும் வந்தன. வலைகளும் பெருகின. பிராருக்கூ பல ஏரிகளிலிருந்து மறைந்தது. 1996 இல் அமேசனாஸ் மாநிலத்தில் அதனைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டது.

தடை போடுவது எளிது. அதனால் முதலில் பட்டினி கிடப்பவன் சிறு மீனவன். அவனுக்கு எத்தனை மீன் பிடிக்க இடமளிக்கலாம் எனச் சொல்ல வேண்டுமாயின், ஏரியில் எத்தனை மீன் உள்ளன எனத் தெரியவேண்டும். கலங்கிய நீரிலே மீனை எண்ணுவது எப்படி? மாமிராவா என்னும் காப்புப் பகுதியில் இதற்கு விடை கண்டவர்கள் மீனவர்களே. ஈட்டி எறிவதற்குக் கற்றிருந்த கண்ணும் காதும் எண்ணுவதற்கும் பயன்பட்டன. நீர் வற்றிய காலத்தில் ஏரியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் 20 நிமிடம் உற்றுநோக்கி, மூச்செடுக்க எழும் மீன்களை எண்ணுவர். எழும் தோற்றத்தையும் ஒலியையும் கொண்டே, ஒன்றரை மீற்றருக்கு மேற்பட்ட பெரிய மீன் எது, அதனினும் சிறியது எது என வகைப்படுத்துவர். 15 நிமிடத்துக்குள் மூச்செடுத்தாக வேண்டிய மீன் 20 நிமிடக் கணக்குக்குத் தப்புதல் அரிதன்றோ!

இக்கணக்கை விஞ்ஞானிகள் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, மீண்டும் பிடித்துக் கணிக்கும் முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். லியாண்ட்ரோ காஸ்டெல்லோ என்னும் ஆய்வாளர் 2004 இல் அந்த ஒப்பீட்டை வெளியிட்டார். அனுபவமிக்க மீனவரின் எண்ணிக்கை மற்றைய கணிப்புடன் மிக நெருங்கி நின்றது. செலவோ மிகக் குறைவு. அதற்கு முன்னரே, 1999 முதல், கிராமங்களின் பொறுப்பில் மீன்பிடிக்க அனுமதி வழங்கப்படலாயிற்று. எண்ணப்பட்ட பெரிய மீன்களுள் 30 விழுக்காட்டுக்கு மேற்படாத தொகையையே பிடிக்கலாம். ஒன்றரை மீற்றருக்குக் குறைந்ததைத் தொடலாகாது. இனப்பெருக்கக் காலத்தில் ஈட்டி ஓய்ந்திருக்க வேண்டும். அந்த ஏரிகளில் பிராருக்கூ பன்மடங்கு பெருகியது. மீனவர் வருவாயும் உயர்ந்தது.

இதனைக் கூறுங்கால் நாம் கிராமத்து அறிவு அனைத்தையும் பொன்னாக்கிக் காட்ட முயலவில்லை. மாமிராவாவிலும் எல்லா மீனவரும் ஒரே திறமையுடன் எண்ணினார்கள் அல்லர். பயிற்சி தேவைப்பட்டது; சோதனையும் தேவைப்பட்டது. அனுபவம் தன்னைச் சோதனைக்கு உட்படுத்த இசைந்தபோது விஞ்ஞானமாயிற்று. மற்றொன்றையும் மறத்தலாகாது. ஏரியைக் காக்கும் உரிமையும், வெளிப்படகுகளைத் தடுக்கும் உரிமையும், பிடித்ததிலே பங்கும் அம்மக்களுக்குக் கிடைத்தன. பயன் பிறனுக்குப் போகுமெனில், எவன் வெயிலில் இருந்து மூச்சுகளை எண்ணிக் கொண்டிருப்பான்? உழைப்பவனுடைய அறிவை மாத்திரம் வாங்கிக்கொண்டு அவனைக் கரையிலே நிறுத்திவிடும் திட்டம், எத்தனை விஞ்ஞானிகள் கையொப்பமிட்டாலும், நெடுநாள் நிலைக்காது.

நமது குளங்கள் அமேசன் ஏரிகள் அல்ல. பாசியும் பன்னும் மண்டிய நீரில் சிறிய விராலை அவ்வாறு எண்ணுதல் கடினம். ஆயினும் குஞ்சுத் திரள்கள் எந்த மாதத்தில், எந்தக் கரையில், எத்தனை தோன்றின எனக் குறித்துவைக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். வலை போடுவோரின் பிள்ளைகள் நமது வகுப்புகளிலேதான் அமர்ந்திருக்கின்றனர். மூன்று ஆண்டு அவ்வாறு குறித்து வந்தால், விராலுக்கு எக்காலத்தில் ஓய்வளிப்பது, எக்கரையில் தூண்டிலைத் தவிர்ப்பது எனக் கூறும் ஆதாரம் மீனவர் சங்கத்தின் கையில் இருக்கும். வெறுங்கையோடு கந்தோர்ப் படியேறுபவனை உத்தியோகத்தர் திருப்பி அனுப்பலாம்; கணக்கேட்டோடு வருபவனை அவ்வளவு எளிதாக அனுப்பிவிட இயலாது.

ஆசிரியராகிய நம்மிடம் இருப்பது ஒரு சிவப்பு மைப் பேனா. பிள்ளை எழுதிய வாக்கியம் பாடநூலில் இல்லையாயின், அதனை வெட்டுவதற்கு முன் ஒருமுறை குளத்தடிக்குப் போய்ப் பார்த்து வருவோம்.