விற்பனைக்கு: உயரமும் வெளிச்சமும்

வாங்கவே போகாத வீடுகளின் விற்பனை விளம்பரங்களைப் படிப்பதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. அதிலும் நியூயார்க்கின் சோஹோ பகுதி வீடு என்றால் நிதானமாகவே படிப்பேன். ஓவியர் வாழ்ந்த லாஃப்ட், உயரமான கூரை, வார்ப்பிரும்புத் தூண்கள், பெரிய பெரிய ஜன்னல்கள், கீழே இறங்கினால் கடைத்தெரு என்று எல்லா விளம்பரமும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் போகும். லாஃப்ட் என்றால் அங்கே நம் வீட்டுப் பரண் அல்ல. பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றின் முழு மாடி. நடுவில் சுவரே இல்லாத ஒரே கூடம். விலை பெரும்பாலும் மில்லியன் டாலர்களில்.

இன்று பெருமையாக விற்கப்படும் இவை எல்லாம் ஒருகாலத்தில் வெறும் தொழில் தேவைகள். அந்தக் கட்டடங்களில் பல 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தவை. மின்விளக்கு பரவாத காலம். துணி வெட்டவும் தைக்கவும் பகல் வெளிச்சம் உள்ளே வந்தாக வேண்டும். முகப்பை வார்ப்பிரும்பில் செய்ததால் தடித்த சுவர் தேவைப்படவில்லை. ஒல்லியான தூண்களுக்கு நடுவே அகலமான ஜன்னல் வைக்க முடிந்தது. மூட்டை அடுக்க உயரம் வேண்டியிருந்தது, இயந்திரம் நிறுத்த அகலம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழில்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. அடிக்கடி தீப்பிடித்ததால் அந்த வட்டாரத்துக்கு 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்றே பெயர் விழுந்தது. நகர அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட விரைவுச் சாலைக்காகப் பல கட்டடங்களை இடிப்பதாகவும் பேச்சு. நாளை இடியலாம் என்ற இடத்துக்கு யார் அதிக வாடகை கொடுப்பார்கள்? அந்த மலிவுக்குத்தான் கலைஞர்கள் வந்தார்கள். சட்டப்படி அங்கே குடியிருக்கக் கூடாது. குளிர்காலத்தில் வேலை நேரம் முடிந்ததும் ஹீட்டிங் நின்றுவிடும். ஆய்வாளர் வந்தால் படுக்கையையும் அடுப்பையும் ஒளித்துவைக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் நகர நிர்வாகம் சற்று இறங்கிவந்தது. 'ஏ.ஐ.ஆர்.' (ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ், இங்கே கலைஞர் வசிக்கிறார்) என்று ஒரு பலகையைக் கட்டடத்தின் வெளியே மாட்டி, எந்த மாடி என்றும் குறிப்பிட வேண்டும். தீப்பிடித்தால் மேலே ஆள் இருப்பது தீயணைப்புக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமே! 1969இல் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் விதியைத் திருத்தி, கலைஞர் என்று சான்றிதழ் பெற்றவர்கள் அங்கேயே வாழ்ந்து வேலை செய்யலாம் என்றார்கள்.

ஏழைக் கலைஞன் பண்படுத்திய இடத்தைப் பணக்காரன் பறித்துக்கொண்டான் என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். பெருமளவு உண்மையும்கூட. ஆனால் வாங்குகிறவர் மேல் எனக்கு அவ்வளவாகக் கோபம் வருவதில்லை. அவருக்கு இருக்கும் சபலம்தான் எனக்கும். இப்படி ஒரு கூடமும் வெளிச்சமும் வாய்த்தால் நாமும் எதையாவது சாதித்துவிடுவோம் என்ற நினைப்பு. விளம்பரம் விற்பது அந்த நினைப்பைத்தான்.

ஆனால் சோஹோவில் நடந்தது இந்த நினைப்புக்கு நேர்மாறானது. சிற்பி டொனால்ட் ஜட் 1968இல் ஸ்பிரிங் தெரு 101ஆம் எண் கட்டடத்தை 68,000 டாலருக்கு வாங்கினார். 1870இல் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். சமைக்க ஒரு மாடி, வேலைக்கு ஒரு மாடி, தூங்க ஒரு மாடி என்று பிரித்துக்கொண்டார். ஒரு படைப்பை அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டால் பிறகு நகர்த்தக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அவருடைய பெட்டி வடிவச் சிற்பங்களுக்குத் தம்மைச் சுற்றி வெற்றிடம் வேண்டியிருந்தது. வேலை முதலில் வந்தது. இடத்தைக் கேட்டு வாங்கியது அந்த வேலை. கையில் வேலை இல்லாதவருக்கு அதே வெற்றிடம் சோபா வாங்கி நிரப்ப வேண்டிய கவலையாகிவிடும்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது வூஸ்டர் தெரு 141ஆம் எண்ணில் உள்ள ஒரு மாடி. கலைஞர் வால்டர் டி மரியா 1977இல் அங்கே 3,600 சதுர அடிப் பரப்பு முழுக்க 22 அங்குல உயரத்துக்கு மண்ணைக் கொட்டி நிரப்பினார். மொத்தம் சுமார் 127 டன். 1980 முதல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது, கட்டணம் கிடையாது. அவ்வப்போது தண்ணீர் தெளித்து, மண்ணைக் கிளறிவிடுகிறார்கள். எதுவும் விதைப்பதில்லை, முளைப்பதைப் பிடுங்கிவிடுகிறார்கள். உள்ளே கால் வைக்க முடியாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், ஈர மண்வாசனையை முகரலாம். அந்தப் பரப்புக்கு அங்கே என்ன விலை போகும் என்று தெரிந்த தரகருக்கு வயிறு எரியும். அந்தக் கூடத்தில் ஓர் அங்குலம்கூட வீணில்லை என்றே எனக்குத் தோன்றியது. அங்கே செய்ய வேண்டியிருந்த ஒரே வேலையை இடம் முழுவதும் செய்துகொண்டிருக்கிறது.

2021 டிசம்பரில் நகரம் விதியை மறுபடி திருத்தியது. கலைகளுக்கான நிதிக்கு ஒரு தொகை கட்டிவிட்டால், கலைஞருக்கென்று ஒதுக்கிய மாடியைச் சாதாரண வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கலைஞராக இல்லாமல் அங்கே வாழ்வதற்கு ஒரு கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. விளம்பரங்களை இனியும் படிப்பேன். சபலம் அவ்வளவு சீக்கிரம் விடாது. ஆனால் என் எழுத்துமேசை கிடக்கும் மூலையே இப்போதைக்குப் போதும். போதாது என்று சண்டை போடுமளவுக்கு வேலை இன்னும் என்னிடம் சேரவில்லை.