வானம் தாராளமா இருக்கு

புகைப்படக் கலைஞர் ஆந்த்ரியாஸ் குர்ஸ்கி 1999-இல் உருவாக்கிய ‘ரைன் II’ படத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். புல், நடைபாதை, புல், ஆறு, மறுபடி புல், மேலே சாம்பல் வானம். ஆள் இல்லை, மரம் இல்லை. 2011 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் இது 43 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதுவரை எந்தப் புகைப்படமும் ஏலத்தில் அவ்வளவு பெற்றதில்லை. கைபேசியில் யாரிடம் காட்டினாலும் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் ஒரு கேள்வி: “இதை நான் எடுக்க மாட்டேனா?”

சிரிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அசல் பிரதி ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலம். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பச்சையும் சாம்பலுமாக நாலு கோடுதான் மிஞ்சும். ஆற்றங்கரையில் இருந்த ஆலைக் கட்டடத்தையும், நாயோடு உலாவியவர்களையும் குர்ஸ்கி கணினியில் அழித்திருக்கிறார் என்று சொன்னால் சிரிப்பு சற்றே தணியும். மெனக்கெட்டிருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் நம்மவர்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஆனால் அளவும் உழைப்பும் மட்டுமே விஷயம் என்றால் மைக்கேல் கென்னாவை என்ன செய்வது? ஜப்பானின் ஹொக்கைடோ தீவுப் பனிவெளியைப் படமெடுத்து இருபது சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அச்சிடுகிறவர் அவர். சுவரை ஒட்டி நின்று, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

பார்க்கிறவர் யார் என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம்.

தனுஷ்கோடிப் பக்கம் நான் எடுத்த படம் ஒன்று உண்டு. கீழ்ப்பாதி கடல், மேல்பாதி வானம், வலது மூலையில் வலை கட்டுகிற கம்பு ஒன்று. கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தம்பி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, சப்ஜெக்ட் எங்க?” என்றார். கேட்டதோடு விடவில்லை. “இந்தப் பக்கம் ரெண்டு பறவை போட்டுடவா?” அவரைக் குறை சொல்ல முடியாது. கரிஷ்மா என்கிற கல்யாண ஆல்பத்தில் ஒரு விரல்கடை இடம் காலியாகக் கிடந்தால், காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை என்று பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அங்கே பூவும் இதயமும் கவிதையும் போட்டு நிரப்புவது அவருடைய தொழில் தர்மம்.

பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கும் நண்பருக்கு அதே படம் ரொம்பப் பிடித்துப்போனது. “வானம் தாராளமா இருக்கு, தலைப்பு நல்லா உக்காரும்.” உட்காரவும் வைத்தார், சிவப்பு எழுத்தில். படம் வெளியானதில் எனக்குச் சந்தோஷம்தான். வானம் போனதில் கொஞ்சம் வருத்தம்.

மூன்றாவது ஆள் பாம்பன் பக்கத்து மீனவர், வயசானவர். படத்தை எட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “பெண்கடல்” என்றார். பாக் நீரிணைப் பக்கத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். எந்தப் பக்கம் நின்று எடுத்தேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. “காத்து விழுந்துபோச்சு. ஒரு போட்டு இல்லையே, தடைக்காலத்துல எடுத்ததா தம்பி?” ஆமாம், மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்தக் கடலில் எதுவுமே இல்லை என்று நினைத்துத்தான் நான் கேமராவை எடுத்தேன். அவருக்கோ அதில் திசை இருந்தது, காற்று இருந்தது, வருமானம் இல்லாத இரண்டு மாதம் இருந்தது.

மிச்சிகன், கியோட்டோ பல்கலைக்கழக மாணவர்களிடம் உளவியலாளர்கள் மசுதாவும் நிஸ்பெட்டும் நடத்திய ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. நீருக்கடியிலான காட்சியைப் பார்த்துவிட்டு, அமெரிக்கர்கள் பெரும்பாலும் பெரிய மீனிலிருந்து விவரிக்கத் தொடங்கினார்கள். ஜப்பானியர்கள் தண்ணீர், பாசி என்று பின்புலத்திலிருந்து. பார்வையைப் பண்பாடு பழக்குகிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் என் படத்தைப் பார்த்த மூன்று பேரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். அவர்களைப் பிரித்தது பிழைப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹிரோஷி சுகிமோட்டோ 1980-இலிருந்து உலகெங்கும் கடலை எடுத்துவருகிறார். எல்லாம் கருப்பு வெள்ளை, எல்லாவற்றிலும் தொடுவானம் சட்டத்தைச் சரிபாதியாக வெட்டும். ஆதிமனிதன் பார்த்த காட்சியை இன்று நாமும் பார்க்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து அவர் தொடங்கினார். பிரமாதமான படங்கள். ஆனால் ஆதிமனிதன் பசியோடுதான் கடலைப் பார்த்திருப்பான். பாம்பன்காரர் கேட்டதைத்தான் அவனும் முதலில் கேட்டிருப்பான் என்பது என் ஊகம்.

இப்போது வெள்ளை வானத்தில் ஒரு மின்கம்பி, அதில் ஒரு காகம் என்று எடுத்து ‘அமைதி’ என்று பெயர் சூட்டுவது ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. வெறுமை என்றால் அமைதி என்று யார் முடிவு செய்தார்கள்?

ஹொக்கைடோவில் பியேய் என்ற ஊரில் சாய்ந்து நின்ற ஒற்றை பாப்லர் மரம் இருந்தது. ‘தத்துவ மரம்’ என்று பெயர் பெற்று, பனிக்காலத்தில் வெள்ளை வெளி நடுவே அதை எடுக்கக் கேமராக்கள் குவிந்தன. அந்த வெள்ளைக்கு அடியில் இருந்தது ஒரு விவசாயியின் நிலம். மிதிக்காதீர்கள் என்று பலகை வைத்தார், வேண்டிப் பார்த்தார், நல்ல கோணம் கிடைக்காமல் யாரும் திரும்பவில்லை. மரமும் மூப்பால் தளர்ந்திருந்தது. 2016 பிப்ரவரியில் அவரே அதை வெட்டிவிட்டார். கூட்டம் அந்த ஊரின் வேறு மரங்களைத் தேடிப் போனது. 2025 ஜனவரியில் பியேயில் சாலையோர பிர்ச் மரங்கள் சுமார் நாற்பதை வெட்டினார்கள். நிழல் பயிர்மேல் விழுகிறது, படம் எடுக்க வருகிறவர்களின் நெரிசலும் தாங்கவில்லை என்பது ஊர்க்காரர்கள் சொன்ன காரணம்.