ஆச்சி கலந்த செம்பு

எங்கள் கரிசல் காட்டில் கோடை என்றால் பிள்ளைகளுக்கு வயிற்றாலே போகிற காலம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊர் எங்களுடையது. சித்திரை பிறந்ததும் ஊருணி கலங்கிச் சேறாகும். பெண்கள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிரப்புவார்கள். நுங்கும் பதநீரும் தெருவுக்கு வருகிற அதே நாட்களில், ஏதாவது ஒரு வீட்டில் கைக்குழந்தை வாடிக் கிடக்கும்.

1980களின் நடுப்பகுதி. தம்பிக்கு ஒன்றரை வயது. ஒரே ராத்திரியில் கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, உச்சிக்குழி பள்ளம் விழுந்துவிட்டது. தண்ணீர்ச் செம்பை எடுத்த அம்மாவின் கையை ஆச்சி பிடித்துக்கொண்டாள்.

“தண்ணி குடுத்தா இன்னும்லா போவும்? வயிறு காயட்டும் தாயி.”

ஆச்சி கல்நெஞ்சுக்காரி அல்ல. பெற்ற பிள்ளைகளில் மூன்றைப் பேதிக்குப் பறிகொடுத்தவள். குடித்த தண்ணீர் குடித்த வேகத்தில் வெளியேறுவதைக் கண்ணால் கண்டவள். மாதுளை ஓட்டை உரசிப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். தொக்கம் எடுக்கிற கிழவிக்கு ஆள் அனுப்பினாள். பிள்ளைக்கு எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் அவள் அதிகாரம். அப்பாகூட அதில் தலையிட மாட்டார்.

அடுக்குப்பானைக்குப் பின்னால் அம்மா ஒரு பொட்டலம் ஒளித்து வைத்திருந்தாள். பால்வாடியில் கொடுத்த உப்பு சர்க்கரைப் பொடி. ஒருவர் வந்து படம் காட்டி விளக்கிப் பேசியிருந்தார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மருமகள்கள். முடிவெடுக்கிற மாமியார் ஒருத்தியும் அங்கே இல்லை. பொட்டலத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொல்லியிருந்தது. எங்கள் வீட்டிலோ படியும் நாழியும் உழக்கும்தான். லிட்டர் என்பது பால் சங்கத்துச் சங்கதி.

விஷயம் கேள்விப்பட்டு நர்சம்மா வந்தார். துணை சுகாதார நிலையத்துக்கு அவர் புதிது. அவர் என்ன சாதி என்பதை முதல் வாரத்திலேயே ஊர் விசாரித்துவிட்டது. எங்கள் தெருவில் ஒருவரும் அவரைத் திண்ணை தாண்டி உள்ளே அழைத்ததில்லை. தம்பியைத் திண்ணையில் கிடத்தினார்கள். அவர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். மடிப்பு உடனே மறையவில்லை. பிறகு அவர் அம்மாவிடம் பேசவில்லை, ஆச்சியிடம் பேசினார்.

“பேதி கண்டவங்களுக்கு அந்தக் காலத்துல என்ன குடுப்பீங்க ஆச்சி?”

“ரெண்டு நாள் காயப்போட்டு, பொறவு உப்புப் போட்டுக் கஞ்சித்தெளிவு.”

“இந்தப் பொட்டலத்துப் பொடியும் அந்த மாதிரிதான் ஆச்சி. ரெண்டு நாள் கழிச்சுக் குடுக்கிறத இப்பவே குடுப்போம்.”

ஆச்சி தயங்கினாள். அந்தத் தயக்கத்தில் பாதி மருந்தைப் பற்றியது, பாதி அதைக் கலக்கப்போகிற கையைப் பற்றியது. நர்சம்மாவுக்கு அது புரிந்தது. “நீங்களே கலக்குங்க, நான் சொல்லுதேன்” என்று இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். பால் சங்கத்து லிட்டர் அளவையை வாங்கிவர என்னை விரட்டினார்கள். கொதித்து ஆறின நீரை ஆச்சி அளந்து பித்தளைச் செம்பில் ஊற்றினாள். நீர் நின்ற மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறச் சொன்னார் நர்சம்மா. பொட்டலம் கிடைக்காத நாளில் அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆச்சி பொடியைக் கலந்து, சங்கால் சிறுகச் சிறுகப் புகட்டினாள். வாந்தி வந்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும். பொழுது சாயும்போது தம்பி ஒன்றுக்குப் போனான். ஆச்சி நனைந்த சேலையோடு வாசலுக்கு வந்து தெருவுக்கே கேட்கும்படி அதைச் சொன்னாள்.

அந்தப் பொடியின் கதையைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும்போது உப்பையும் கூட இழுத்துக்கொள்கிறது, உப்பின் பின்னே தண்ணீரும் உடம்புக்குள் போகிறது. கடும் பேதியிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் வங்க அகதிகள் முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்துப் பன்காவ்ன் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். 100க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

1980 முதல் பத்தாண்டு வங்கதேசத்தில் பிராக் நிறுவனத்தின் பெண்கள் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளின் படியேறி, உப்பும் வெல்லமும் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற தாய்மார்களில் பலர் முதலில் அதைப் பயன்படுத்தவில்லை. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசாததும் ஒரு காரணம் என்று கண்டு, பிறகு அவர்களையும் கூட்டி உட்காரவைத்துப் பேசினார்கள். அதைப் படித்தபோது எங்கள் பால்வாடிக் கூட்டமும், அங்கே வராத மாமியார்களும் நினைவுக்கு வந்தார்கள். மருந்து சரியானதாக இருப்பது மட்டும் போதாது. வீட்டில் யார் சொல் செல்லும், யார் கை கலக்கும், எந்தப் பாத்திரம் அளக்கும் என்பதையும் சேர்த்துக் கண்டுபிடித்தால்தான் அது பிள்ளையின் வாய்க்குப் போகும்.

அடுத்த கோடையில் எந்த வீட்டில் பேதி என்றாலும் ஆச்சி அந்தச் செம்போடு கிளம்பிவிடுவாள். “கோடு வரைக்கும் ஊத்துங்கட்டி” என்று மருமகள்களை அதட்டுவாள். பொட்டலம் எங்கள் தெருவில் எல்லா அடுக்களைக்குள்ளும் போனது. அதை ஏற்க வைத்த நர்சம்மா மட்டும் மாற்றலாகிப் போகும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டுப் போனார். எங்கள் பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்பதற்காக அவமானத்தை விழுங்கிக்கொண்டு வழி கண்டுபிடித்தவர் அவர். ஊர் மருந்தை ஏற்றுக்கொண்ட கதையைச் சொல்லும் எவரும், அதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது எங்கள் ஊர் அவருக்குப் பட்ட கடன்.