ஆணித் துப்பாக்கி

நாலு வருஷத்துக்கு முன் பாரிசுக்குப் பக்கத்தில் மகன் ஒரு பழைய வீடு வாங்கினான். கூடத்துக்கு ஓக் மரத்தில் 'பார்க்கே' போட ஆள் கூலி கேட்டோம், தலை சுற்றியது. "நாமே போட்டுடலாம்பா" என்றான்.

பலகை 23 மில்லிமீட்டர் கனம். ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் காடி. நாக்கை பிரெஞ்சில் 'லாங்கெத்' என்பார்கள். பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடத்தில் பிழையில்லாமல் எழுதிய சொல். பொருளைத் தொட்டுப் பார்த்தது எழுபது வயதுக்கு மேல்தான்!

கதவோரப் பட்டிகள் அடிக்கிற சின்ன ஆணித் துப்பாக்கி அவனிடம் இருந்தது. "இது தாங்குமாடா?" என்றேன். "உங்களுக்கு என்னப்பா தெரியும்?" என்றான். பேசாமல் இருந்துவிட்டேன்.

நாலு வரிசை அடித்தோம். குளிர் வந்தது, ஹீட்டர் ஓடியது, மரம் காய்ந்து சுருங்கியது. கால் வைத்த இடமெல்லாம் கிரீச். இரண்டு பலகை கையோடு வந்துவிட்டன. கம்பி போல மெல்லிய, தலையில்லாத ஆணி எப்படிப் பிடிக்கும்? கடன் வாங்கிப் போட்ட மரம். அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் சொன்னேனே என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் கருவிகள் வாடகைக்கு விடும் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் விலை பேசவில்லை. "என்ன மரம்? என்ன கனம்?" என்றுதான் கேட்டார். தரைக்கென்றே உள்ள துப்பாக்கி இரண்டு வகை. ஒன்று முழுக்கக் கைப்பலத்தில் சுத்தியலால் அடிப்பது. மற்றது சுத்தியலால் தட்டியதும் கம்ப்ரசர் காற்று ஆணியை இறக்குவது. அந்தத் தட்டிலேயே பலகையும் இறுகிவிடும். மகனுக்கு இடுப்பு வலி உண்டு. ஒரு கூடத்துக்காக விலைக்கு வாங்குவானேன்? காற்றுத் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்தோம்.

ஆணி நாக்கின் மேல் 45 பாகைச் சாய்வில் இறங்கும். அடுத்த பலகையின் காடி தலையை மறைத்துவிடும். ஆணியின் பக்கங்களில் பல் இருப்பதால் பிடி விடாது. காற்று அதிகமானால் நாக்கு பிளக்கும். குறைந்தால் தலை துருத்திக்கொண்டு அடுத்த பலகை சேராது. அதனால் முதலில் துண்டுப் பலகையில் அடித்துப் பார்த்தோம். "நீங்களே சொல்லுங்கப்பா, இது சரியா?" என்று கேட்டான்.

சுவரோரக் கடைசி வரிசைகளுக்குப் பெரிய துப்பாக்கி நுழையவில்லை. அங்கே பழைய சின்னதுதான் உதவியது. அதற்கும் ஒரு வேலை இருக்கத்தான் செய்கிறது.

போன குளிர்காலம் போயிருந்தேன். ராத்திரி இரண்டு முறை எழுந்து பாத்ரூம் போகிறவன் நான். ஒரு கிரீச் இல்லை, யாரும் விழிக்கவில்லை.