புதன்கிழமைக்கு முன் சேர வேண்டிய செய்தி

தடுப்பூசித் திட்டத்தில் ஒரு மாற்றம் என்றால், களத்தில் இருக்கும் எங்களுக்கு அது பெரும்பாலும் ஒரே வரியாகத்தான் வந்து சேரும். 2023 ஜனவரியில் வந்ததும் அப்படித்தான்: ஒன்பதாம் மாதத்தில் எஃப்.ஐ.பி.வி. (தோலுக்குள் போடும் போலியோ ஊசி) மூன்றாம் தவணை சேர்க்கப்படுகிறது. படித்து முடிக்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் அந்த ஒரு வரியோடு ஒரு கிராம சுகாதார செவிலியர் புதன்கிழமை காலை துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால், முதல் குழந்தையிலேயே கேள்வி தொடங்கிவிடும். ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் இந்த ஊசியை வலது மேற்கையில் போட்டே பழகியவர் அவர். ஒன்பதாம் மாதத்தில் வலது மேற்கை எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசிக்கு உரியது. அப்படியானால் இதை எங்கே போடுவது? இடது மேற்கையில். அதே நாளில் தொடையில் நியூமோகாக்கல் பூஸ்டரும் உண்டு, வாய்வழியாக வைட்டமின் ஏ திரவமும் உண்டு. "ஒரே நாள்ல மூணு ஊசியா சிஸ்டர், புள்ள தாங்குமா?" என்று கூட வந்த பாட்டி கேட்பார். கையிலிருக்கும் பழைய அட்டையில் இந்தத் தவணைக்குக் கட்டமே இருக்காது. எங்கே எழுதுவது? 0.1 மில்லி சிரிஞ்சு எத்தனை கூடுதலாக இண்டென்ட் போடுவது?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அவர் கையில் பதில் இருக்க வேண்டும். வட்டார அளவில் செவிலியர்களை மேற்பார்வை செய்யும் எனக்கு மாதாந்திர அறிக்கை, பதிவேடு, ஆய்வு என்று எத்தனையோ வேலைகள். அத்தனையிலும் நான் மிகவும் மதிக்கும் வேலை இந்தப் பதில்களைக் கொண்டுசேர்ப்பதுதான். ஊசி போடும் கை எதற்கும் தயங்கி நிற்கக் கூடாது. அந்தத் தயக்கத்தை முதலில் பார்ப்பவள் தாய்.

ஆணை எங்களிடம் வரும் பாதை எல்லோருக்கும் தெரிந்ததே. சென்னையிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து செவிலியரின் கைபேசி. இப்போது இவ்வளவு தூரத்தையும் வாட்ஸ்அப் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. வேகம் நல்லதுதான். ஆனால் ஆங்கிலத்தில் ஏழெட்டுப் பக்க பி.டி.எஃப்., வீட்டுப் பார்வைக்காக ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருப்பவரின் கைபேசிக்கு நடுப்பகலில் வருகிறது. அவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். குழுவில் எல்லோரும் கட்டைவிரல் காட்டினால் தகவல் சேர்ந்துவிட்டதாக மேலே எழுதிவிடலாம். நான் எழுதுவதில்லை. வந்து சேர்ந்தது கோப்பு மட்டும்தான்.

அதனால் எந்த ஆணை வந்தாலும் முதலில் அரைப்பக்கம் தமிழில் என் கையால் எழுதிவிடுவேன். எது மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு என்பதெல்லாம் எல்லா ஆணையிலும் இருக்கும். பெரும்பாலும் விட்டுப்போவது இவற்றுக்குப் பின்னால் வருபவை. ஏற்கெனவே ஒரு தவணை போட்டுக்கொண்டு பாதியில் நிற்பவருக்கு என்ன செய்வது? தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில் இருக்கும் பழைய ஸ்டாக்கை என்ன செய்வது? இதனால் ரத்தாகும் முந்தைய உத்தரவு எது? தாயிடம் எந்தச் சொற்களில் சொல்வது? இந்த நான்குக்கும் பதில் இல்லாத அரைப்பக்கத்தை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. எனக்கே பதில் தெரியாவிட்டால் மாவட்டத்துக்குப் போன் செய்து கேட்டு, முடிந்தவரை எழுத்தில் வாங்கிக்கொள்வேன்.

எது மாறவில்லை என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். இதை எங்கள் எல்லோருக்கும் அழுத்தமாகக் கற்றுக்கொடுத்தது கொரோனாக் காலம். 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியபோது இரண்டு தவணைகளுக்கும் இடைவெளி 28 நாள் என்றார்கள். மார்ச் 22 அன்று கோவிஷீல்டுக்கு அது எட்டு வாரம் வரை நீண்டது. மே 13 அன்று பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் ஆயிற்று. கோவாக்சினுக்கு மட்டும் பழைய இடைவெளியே தொடர்ந்தது. ஒரே அறை, ஒரே வரிசை, இரண்டு விதமான தேதிகள். "இடைவெளி மாறியாச்சு" என்று யாரோ சுருக்கமாக அனுப்பிய செய்தியை நம்பி, கோவாக்சின் போட்டவரையும் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? அன்று கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். அடுத்த முறை வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோவிஷீல்டு வரிசையிலோ, முந்தைய தேதி எழுதிய சீட்டோடு வந்து நின்றவரிடம் காரணம் சொல்லித்தான் அனுப்ப முடியும். அந்தக் காரணத்தை அவரைவிட ஒரு மணி நேரமாவது முன்னால் செவிலியர் அறிந்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் இன்னொன்றையும் கவனித்தேன். ஒருமுறை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி சாவதே இல்லை. மார்ச் மாதச் செய்தி ஜூனில் வேறொரு குழுவிலிருந்து சுற்றி வந்து, புதிது போலவே நிற்கும். அன்றிலிருந்து என் அரைப்பக்கத்தின் தலையில் தேதியைப் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே "இதற்கு முன் வந்த இன்ன தேதித் தாளைக் கிழித்துவிடவும்" என்றும் சேர்க்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாளை நானே போய்ப் பிய்த்தெடுத்ததும் உண்டு. புதியதை ஒட்ட எல்லோருக்கும் தோன்றும், பழையதை எடுக்கத்தான் யாருக்கும் தோன்றாது.

பழையதை எடுப்பதே ஒரு மாற்றத்தின் முழு வேலையாக அமைந்த நாளும் உண்டு. 2016 ஏப்ரல் 25. மூன்று வகை போலியோ கிருமிகளுக்குமான சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, இரண்டாம் வகை நீக்கப்பட்ட புதிய சொட்டு மருந்துக்கு நாடு முழுவதும் ஒரே நாளில் மாறினோம். இரண்டாம் வகை இயற்கைக் கிருமி உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகும் அந்த வகையைச் சொட்டு மருந்தில் கொடுத்துக்கொண்டிருந்தால், அதிலிருந்தே திரிந்த கிருமி பரவும் அபாயம் மட்டுமே மிச்சம். இந்தக் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னதும் செவிலியர்களின் முகம் மாறியது. "அப்ப ஒரு பாட்டில்கூட உள்ள இருக்கக் கூடாது, அதானே மேடம்?" என்றார் ஒருவர். அதேதான். குழந்தைக்கு இரண்டு சொட்டு என்பது மாறவில்லை, எந்தெந்த வயதில் என்பதும் மாறவில்லை. மாறியது குப்பி மட்டும். குளிர்பெட்டியின் அடிக்கூடை, வேக்சின் கேரியர், தனியார் மருத்துவமனைக் குளிர்சாதனப் பெட்டி என்று தேடித்தேடிப் பழைய குப்பிகளை வெளியே எடுத்தோம். காரணம் தெரிந்தவர் தேடுவதற்கும், உத்தரவு என்பதற்காகத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்று கண்ணால் பார்த்தேன். காரணம் தெரிந்தவர்தான் அடிக்கூடைவரை குனிந்து பார்க்கிறார்.

காகிதத்தில் முடியாத மாற்றங்களும் உண்டு. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுத் திட்டத்தில் இரண்டு நிறுவனத் தயாரிப்புகள் வந்தன. ஒன்றில் குழந்தைக்கு 5 சொட்டு. மற்றொன்று தூளாக வந்தது. அதைக் கரைத்து 2.5 மில்லி புகட்ட வேண்டியிருந்தது. பதிவேட்டில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். அப்படி ஒரு பொருள் மாறும்போது குப்பியைக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அளவு எங்கே அச்சிட்டிருக்கிறது, காலாவதித் தேதி எங்கே, மருந்து சூடு பட்டதா என்று காட்டும் வெப்பங்காட்டிச் சதுரம் மூடியில் இருக்கிறதா, லேபிளில் இருக்கிறதா என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

போலியோ ஊசியைத் தோலுக்குள் 0.1 மில்லி போடும் முறை வந்தபோதும் அப்படித்தான் செய்தோம். பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்டுப் பழகியவர்களுக்கு அது கைவந்த வேலை. ஆனால் ஆறு வாரக் குழந்தை பிறந்த குழந்தை போலச் சும்மா படுத்திருக்காது, கையை உதறும். ஊசி முனையின் சாய்ந்த பக்கம் மேலே பார்க்க, ஊசியைத் தோலோடு ஏறக்குறையப் படுக்கவைத்து மெல்ல நுழைத்து மருந்தைச் செலுத்தும்போது கையில் ஒரு எதிர்ப்புத் தெரிய வேண்டும். ஆரஞ்சுத் தோல் போல ஒரு சின்னத் தடிப்பு எழ வேண்டும். மருந்து வழுக்கிக்கொண்டு போனால் ஊசி ஆழம் போய்விட்டது என்று பொருள். இதை எந்தச் சுற்றறிக்கையும் கற்றுக்கொடுக்காது. மூத்த செவிலியர் பக்கத்தில் நின்று இளையவரின் மணிக்கட்டைத் தொட்டு, "இன்னும் கொஞ்சம் படுக்க வை கண்ணு" என்று சொன்னால்தான் வரும். ரிவ்யூ மீட்டிங்கில் எண்ணிக்கை வாசிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

சேவை மாற்றங்கள் வேறு விதம். அவற்றில் செவிலியருக்கு மட்டும் சொன்னால் போதாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதையடுத்து, கிராமங்களில் போட்டுவந்த தடுப்பூசியை மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். அப்போது நான் ஒரு கிராமத்தில் செவிலியர். எனக்குச் செய்தி தெரியும். ஆனால் ஊரில் தாய்மார்கள் முதலில் கேட்டது அங்கன்வாடி ஆயாவிடமும், பால் சொசைட்டி வாசலிலும்தான். இடம் மாறுகிறது, நேரம் மாறுகிறது, பொங்கல் விடுமுறையால் புதன் வியாழனாகிறது என்றால், மருத்துவமனை வாசலில் நிற்கும் பணியாளருக்கும் ஓட்டுநருக்கும் மருந்தாளுநருக்கும் ஆய்வக நுட்புநருக்கும் தெரிய வேண்டும். புறநோயாளிச் சீட்டு எழுதுபவர் "எனக்குத் தெரியாதும்மா, உள்ள கேளுங்க" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு தாய் திரும்பிப் போக இடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோன பெரிய மாற்றம். அதிலும், யாருடைய பெயர் வீட்டுப் பட்டியலுக்குப் போனது என்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவருக்குத் தெரிந்த இடங்களில்தான் வேலை சுமுகமாக நடந்தது.

செய்தி அதிகம் தொலைவது இரண்டு இடங்களில். ஒன்று, காலிப் பணியிடம் உள்ள துணை சுகாதார நிலையம். அதை இன்சார்ஜாகப் பார்ப்பவருக்குத் தன் சொந்த ஊர்களே தலைக்குமேல் வேலை. இரண்டு, மகப்பேறு விடுப்போ மருத்துவ விடுப்போ முடிந்து வருபவர். அவர் இல்லாத மாதங்களில் வந்த தாள்கள் எல்லாம் குழுவில் எங்கோ மேலே புதைந்திருக்கும். விடுப்பு முடிந்து வரும் செவிலியரை முதல் நாள் என் பக்கத்தில் உட்காரவைத்து, மாறிய அரைப்பக்கங்களை மட்டும் தேதி வரிசையில் படித்துக்காட்டுவேன். அந்த வாரப் புதன்கிழமை அவர் தனியாக ஊசி போடுவதில்லை.

செவிலியருக்கே எழும் சந்தேகம் என்றால், 2017 பிப்ரவரி எம்.ஆர். முகாமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி, பள்ளி செல்வோருக்குப் பள்ளியிலேயே. தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்திகள் எங்களுக்கு முன்னால் பள்ளிக்குப் போய்விட்டன. பெற்றோர் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, ஒரு கிராம சுகாதார செவிலியர் தயங்கி நின்று கேட்டார்: "மேடம், என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. அவளுக்கும் போடலாம்தானே?" பயிற்சி முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் அவர். பொதுமக்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் தெரியும். தன் மகளைப் பற்றிக் கேட்க மட்டும் யாரும் அவருக்கு இடம் கொடுத்திருக்கவில்லை. உட்கார்ந்து பேசினோம். மறுநாள் மகளுக்குப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போனார். "என் பொண்ணுக்கு நேத்துப் போட்டேன்" என்று அவர் சொன்ன இடத்தில் எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு மாற்றத்தின் போதும் செவிலியர்களின் சொந்தச் சந்தேகங்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குகிறேன். மேலே போகும் அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆனாலும் "தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்று தாயிடம் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை வெளிப்படையாகவே சொல்லிவைத்திருக்கிறேன். கேட்ட கேள்விக்கு அடுத்த புதனுக்குள் பதில் தருவது என் பொறுப்பு.

ஆணைகளைத் தயாரிக்கும் அலுவலர்களிடம் எனக்கு வேண்டுகோள் உண்டு. அமலுக்கு வரும் தேதிக்கு முன் ஒரு ரிவ்யூ மீட்டிங்காவது நடக்க இடைவெளி விடுங்கள். தமிழில் ஒரு பக்கம் இணையுங்கள். பாதித் தவணையில் நிற்கும் குழந்தைக்கு என்ன செய்வது என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். சந்தேகம் கேட்க ஒரு அலுவலரின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். தொலைக்காட்சிக்குச் செய்தி போவதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது அது கிராம சுகாதார செவிலியருக்குப் போகட்டும்.