கூடாரமும் கோட்டையும்

திண்டுக்கல்காரனுக்குக் கடல் என்றால் ஒரு பேராசை. எங்கள் ஊரில் தலை நிமிர்ந்தால் பாறை. குனிந்தால் காலிக் குடம். ஆகவே, பள்ளி விடுமுறை வந்ததும் பையனையும் ஓர் ஆசிரிய நண்பரையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் புறப்பட்டேன். விடுதி கூடாது, கூடாரம்தான் என்பது பையனின் பிடிவாதம். ஊருக்குச் சற்றுத் தள்ளி, சவுக்குத் தோப்புக்கு முன்னால், அலை காலைத் தொடாத குறையாகக் கூடாரம் அடித்தோம்.

பகல் முழுவதும் டேனிஷ் கோட்டையில் கழிந்தது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது அது. நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கேதான் அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இத்தனைக்கும் பிறகு 1845-ல், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு ஊர் அபிமானம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம மலைக்கோட்டை மட்டும் லேசா? ஹைதர் அலி இருந்து ஆண்ட கோட்டையடா!" என்றேன்.

"அங்கே கடல் இல்லையேப்பா" என்றான் பையன். நண்பர் சிரித்தார்.

சாயங்காலம், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரியவர் கூடாரத்தைப் பார்த்து நின்றார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னேன். தண்ணீர்க் கஷ்டத்தையும் சேர்த்தே சொன்னேன்.

"கூடாரத்தைப் பிரிச்சு மேட்டுக்குக் கொண்டு போங்க."

"கடல் இவ்வளவு தூரம் வருமா, ஐயா?"

"வராதுன்னுதான் நாங்களும் இருந்தோம்." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "சுனாமியிலே எம் பொஞ்சாதியும் பேத்தியும் போயிட்டாங்க."

2004 டிசம்பர் 26 எனக்குச் செய்தித்தாளில் படித்த தேதி. அவருக்கு அது வீட்டு வாசல். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோனதைக் காலையில்தான் பையனுக்கு ஒரு வேடிக்கை போலக் காட்டியிருந்தேன். இப்போது வாய் அடைத்துவிட்டது.

"அதற்குப் பிறகும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?" என்று கேட்டது என் அசட்டுத்தனம்.

"தண்ணி இல்லேங்கிறீங்க. நீங்க ஏன் தம்பி அங்கேயே இருக்கீங்க?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பதிலை எதிர்பாராமல் அவரே ஒரு முளையைப் பிடுங்கினார். நாலு பேருமாகக் கூடாரத்தை மேட்டுக்கு மாற்றினோம். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. பையன் மட்டும் என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

ஊர் திரும்பிய அன்று குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வரிசையில் நின்றிருந்த மனைவி, "கடல் எப்படி இருந்தது?" என்றாள். பையன் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தான். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வீடு வரைக்கும் நடந்தேன்.